தினம் ஒரு படம், தேர்வு மாதத்திலும்!

பிப்ரவரி பிறந்தால் போதும், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சுவரில் ஓர் அட்டவணை ஏறிவிடும். திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத் தேர்வு என்று சிவப்பு மையில் கட்டம் கட்டிய தேதிகள். கேரம் போர்டு பரண்மேல் போய்விடும். கிரிக்கெட் மட்டை கட்டிலுக்கு அடியில் தூங்கும்.

அதே நாட்களில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் புங்கமரத்தை என்றாவது கவனித்திருக்கிறீர்களா? அதற்கும் அது பரீட்சைக் காலந்தான்! ஆண்டு முழுவதும் சுமந்த இலைகளை உதிர்க்கிறது. சில நாட்கள் ஏறக்குறைய மொட்டையாக நிற்கிறது. பிறகு ஒரு நாள் கிளை நுனிகளில் தளிர் தெரிகிறது. அடுத்த சில நாட்களில் மரம் முழுவதும் பளபளவென்று இளம்பச்சை. அரசமரமும் வேம்பும்கூட ஏறத்தாழ இதே பருவத்தில்தான் இலை மாற்றுகின்றன. ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம் தேதி சற்று முன்பின் ஆகலாம். ஆனால் பொதுத் தேர்வும் புதுத் தளிரும் நம் ஊர்களில் பெரும்பாலும் கைகோத்துத்தான் வருகின்றன. நீங்கள் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருக்கும் வாரங்களில் மரம் தன் ஆண்டின் மிக முக்கியமான வேலையை முடித்துவிடுகிறது. கடைசித் தேர்வு எழுதிவிட்டு நீங்கள் நிமிர்ந்து பார்க்கும்போது, எதுவுமே நடக்காததுபோல் பச்சையாக நிற்கிறது!

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவி தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தாள். ஜூன் மாதத்திலிருந்து தன் வீட்டு எதிரே உள்ள புங்கமரத்தை நாள்தோறும் ஒரு படம் எடுத்து வந்தவள் அவள். நான்தான் அந்த வேலையைக் கொடுத்திருந்தேன்.

“சார், இனிமே வேண்டாம்னு அம்மா சொல்றாங்க. நிறுத்திடட்டுமா?” என்றாள்.

“நீங்களே சொல்லுங்க சார். படம் எடுக்க ஒரு நிமிஷம்தான். ஆனா போனைக் கையில எடுத்தா அரை மணி நேரம் போயிடுதே!” என்றார் தாயார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனாலும் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது மாதம் தொடர்ந்து எடுத்துவிட்டு, மரம் மாறப்போகும் சமயம் பார்த்து நிறுத்துவதா? “இரண்டு பேரும் உட்காருங்கள். ஒரு விவசாயியின் கதை சொல்கிறேன்” என்றேன். அந்தக் கதையை நீங்களும் கேளுங்கள்.

பால் கறந்த கையில் பனிப்படிகம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்றொரு மாநிலம் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் ஊரே வெண்பனியில் புதைந்துவிடும். அங்கே ஜெரிக்கோ என்ற சிற்றூரில் 1865-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி பிறந்தவர் வில்சன் பென்ட்லி. குடும்பத் தொழில் பால் பண்ணை. தாயார் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பையனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். அவனுக்கு 15 வயதானபோது தம்மிடமிருந்த பழைய நுண்ணோக்கி ஒன்றைக் கொடுத்தார்.

பையன் அதில் என்ன பார்த்தான் தெரியுமா? வானத்திலிருந்து விழும் பனித்துகளை! வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தூளாகத் தெரிவது, நுண்ணோக்கியில் ஆறு முனைகள் கொண்ட அற்புதக் கோலமாகத் தெரிந்தது. நம் வீட்டு வாசலில் மார்கழி மாதம் போடும் நட்சத்திரக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடுகளவில் போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

பார்த்ததை வரைந்துவைக்க ஆசைப்பட்டான். அங்கேதான் சிக்கல். ஒரு முனையை வரைந்து முடிப்பதற்குள் மற்ற முனைகள் மழுங்கிவிடும். மூச்சுக் காற்று பட்டால் உருகிவிடும். சரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உறைநிலைக்குக் கீழே உள்ள குளிரிலேயே வைத்துப் பார்த்தால்? அப்போதும் தப்பாது. கற்பூரம் திறந்து வைத்தால் தானாகக் குறைவதுபோல, பனிக்கட்டியும் நீராக மாறாமலேயே நேராக ஆவியாகும். பதங்கமாதல் என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். கூர்மையான முனைகளும் மெல்லிய கிளைகளும் முதலில் கரைந்துபோகும். ஆக, ஒவ்வொரு படிகமும் அந்தப் பையனுக்குச் சில நிமிடக் கெடு விதித்தது. நமக்குத் தேர்வு அறையில் மூன்று மணி நேரமாவது கொடுக்கிறார்கள்!

மூன்று குளிர்காலம் வரைந்து பார்த்துவிட்டு, கையால் ஆகாது, காமிராதான் வேண்டும் என்று முடிவு செய்தான். தந்தைக்கு இது வீண் வேலையாகவே பட்டது. இருந்தாலும் தாயாரின் வற்புறுத்தலால் ஒரு நல்ல நுண்ணோக்கியும் ஒரு துருத்திக் காமிராவும் வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் ஒன்றாகப் பொருத்த வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்க இல்லை. படம் எடுத்துப் பழக்கமும் இல்லை. தோற்றுத் தோற்று, கடைசியில் 1885-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி ஒரு பனிப்படிகத்தின் படம் தெளிவாக விழுந்தது. அப்போது பென்ட்லிக்கு 20 வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன.

அதன்பின் 1931-ஆம் ஆண்டில் இறக்கும்வரை, ஏறத்தாழ 47 குளிர்காலங்கள், அதே ஊரில், அதே காமிராவைக் கொண்டு 5,000-க்கு மேற்பட்ட பனிப்படிகங்களைப் படம் எடுத்தார். இதையே முழுநேர வேலையாகச் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கடைசிவரை விவசாயிதான். பால் மாடு என்றால் காலையும் மாலையும் கறந்தே ஆக வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பனியோ அவரைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. ஒருபுறம் மாட்டின் கெடு, மறுபுறம் படிகத்தின் கெடு. இரண்டுக்கும் நடுவில்தான் அந்த 5,000 படங்களும் எடுக்கப்பட்டன.

எப்படி முடிந்தது? இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பென்ட்லியின் வெற்றி வேகத்தில் இல்லை, முன்கூட்டிய ஏற்பாட்டில் இருந்தது. காமிரா நின்ற இடம் கணப்பு மூட்டாத ஓர் அறை. அதனால் கருவி, கண்ணாடித் தகடு, பலகை எல்லாமே எப்போதும் வெளிக்குளிரிலேயே இருக்கும். படிகம் பட்டவுடன் உருகாது. பனி விழத் தொடங்கியதும் ஒரு கறுப்புப் பலகையை வெளியே நீட்டுவார். விழுந்தவற்றுள் நல்லது எது என்று ஒரு பார்வை பார்ப்பார். மற்றவற்றை இறகால் தட்டிவிடுவார். தேர்ந்தெடுத்த படிகத்தை ஒரு மெல்லிய மரக்குச்சியால் தொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இறகின் நுனியால் மெதுவாக அழுத்திப் படிய வைப்பார். மூச்சை அடக்கிக்கொள்வார். காமிரா ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். வெளிச்சம் படிகத்தை ஊடுருவி வரும். துருத்தி நீளமாக இருந்ததால் பின்னால் நின்று பார்ப்பவரின் கை நுண்ணோக்கியின் திருகுக்கு எட்டாது. அதற்கு ஒரு சக்கரமும் கயிறும் பொருத்திவைத்திருந்தார். கயிற்றை இழுத்தால் திருகு திரும்பும்! வெளிச்சத்துக்குத் தக்கபடி பல வினாடிகள் திறந்துவைப்பார். படம் முடிந்தது, மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பலாம்.

பனி பெய்யும்போது என்ன செய்வது என்று அவர் யோசிப்பதே இல்லை. யோசிக்க வேண்டியதையெல்லாம் பனி பெய்யாத நாட்களிலேயே யோசித்து முடித்திருந்தார். சிறகு எங்கே, குச்சி எங்கே என்று தேடியிருந்தால் 5,000 அல்ல, 50 படம்கூட மிஞ்சியிருக்காது.

கோடையில் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. மழைத்துளியின் பருமனை அளக்க ஒரு வேடிக்கையான வழி கண்டுபிடித்தார். ஒரு தட்டில் சலித்த மாவைப் பரப்பி மழையில் சில வினாடி காட்டுவார். ஒவ்வொரு துளியும் மாவில் விழுந்து ஓர் உருண்டையாகும். உலர்ந்ததும் உருண்டைகளை அளப்பார். நீங்கள் இதை அடுத்த மழையில் செய்து பார்க்கலாம். வீட்டில் மாவு கேட்கும்போது மட்டும் ஜாக்கிரதை! இந்த ஆராய்ச்சியை 1904-இல் ஓர் அமெரிக்க வானிலை இதழில் வெளியிட்டார்.

அவருடைய பனிப்படிகப் படங்களில் 2,400-க்கு மேற்பட்டவை 1931-ஆம் ஆண்டு நவம்பரில் புத்தகமாக வந்தன. வானிலைத் துறையைச் சேர்ந்த வில்லியம் ஹம்ஃப்ரிஸ் என்ற இயற்பியல் அறிஞர் அதற்கு உரை எழுதினார். அடுத்த மாதமே, பனிப்புயலில் நடந்து வீடு திரும்பிய பென்ட்லி நிமோனியாக் காய்ச்சலில் விழுந்து, டிசம்பர் 23-ஆம் தேதி இறந்துபோனார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1936-இல், ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் உக்கிச்சிரோ நகாயா என்ற அறிஞர் ஆய்வுக்கூடத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். குளிரும் ஈரப்பதமும் மாறினால் படிகத்தின் வடிவமும் மாறுகிறது என்று தெரிந்தது: ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரியில் ஊசி, மைனஸ் 15 டிகிரியில் கிளைவிட்ட நட்சத்திரம். பென்ட்லி இந்தக் கதையின் முதல் பாதியை எழுதிவிட்டுப் போயிருந்தார்.

ஏழு நாளில் நான்கு நாள்

“அவர் பனியை எடுத்தார், சரி. மரம் உருகியா போய்விடும்? வாரம் ஒரு படம் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். தாயாரும் அதைத்தான் கேட்டார். இது நல்ல கேள்வி. விடை உங்கள் கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது.

மரம் இலையின்றி நிற்பது 4 நாள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஞாயிறுதோறும் மட்டும் படம் எடுக்கிறீர்கள். அந்த 4 நாட்களில் ஒரு ஞாயிறு அகப்பட வாய்ப்பு எவ்வளவு? ஏழில் நான்கு. அகப்படாமல் போக வாய்ப்பு ஏழில் மூன்று! அதாவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி, உங்கள் படங்களின்படி அந்த மரம் மொட்டையாக நிற்கவே இல்லை என்று ஆகிவிடும். நாள்தோறும் எடுத்தாலோ நான்கு படங்கள் உறுதியாகக் கிடைக்கும்.

இதை நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகக் கையெழுத்துப் பிரதியை மார்ச் மாத இறுதிக்குள் முடித்துத் தர ஒப்புக்கொண்டிருந்தேன். நாள் நெருங்க நெருங்க வேலை மலைபோல் நின்றது. மொட்டை மாடியிலிருந்து எடுத்துவந்த மரப்படத்தை, “வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று விட்டுவிட்டேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மாடிக்குப் போனால், மரம் குடை விரித்ததுபோல் பச்சை! அந்த ஆண்டின் தொகுப்பில் பழுத்த இலை இருக்கிறது, முற்றிய பச்சை இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. பதினோரு நாளில் ஒரு நாளைக்கு ஒரு நிமிடமாக மிச்சம் பிடித்தது மொத்தம் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்தால் என் புத்தகம் முன்னதாக முடிந்ததா? இல்லை. கெடு தாண்டி ஒரு வாரம் கழித்துத்தான் கொடுத்தேன்!

தேதியின் துல்லியத்துக்கும் இது பொருந்தும். முதல் தளிர் இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவில் என்றோ வந்தது என்றால், உங்கள் தேதியில் மூன்றரை நாள் முன்பின் பிழை இருக்கும். போகட்டும், மூன்று நாள்தானே என்று விட முடியாது. 2003-ஆம் ஆண்டு கமில் பார்மசான், கேரி யோஹே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பல உயிரினங்களின் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பூப்பது, முட்டையிடுவது, வலசை வருவது போன்ற வசந்தகால நிகழ்ச்சிகள் சராசரியாகப் பத்தாண்டுக்கு 2.3 நாள் வீதம் முந்திவருகின்றன என்று கண்டார்கள். பூமி சூடேறுவதன் அடையாளம் அது. பத்தாண்டுக்கு இரண்டு நாள் நகரும் ஒன்றை மூன்றரை நாள் பிழையுள்ள அளவுகோலால் அளக்க முடியுமா? அவர்கள் பயன்படுத்திய பதிவேடுகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளைச் சேர்ந்தவை. நம் புங்கமும் வேம்பும் எந்தத் தேதியில் தளிர்த்தன என்று எழுதிவைத்தவர்கள் நம் நாட்டில் குறைவு. 2010-இல் தொடங்கிய சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்கள் பலர் தத்தம் மரங்களைப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு மரம்

தேதி போட்ட ஒரு படம் என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சம்பவம் சொல்கிறேன். அமெரிக்காவில் போரில் மாண்டவர்களை நினைத்துக் கல்லறைகளுக்கு மலர் சூட்டும் நாள் ஒன்று உண்டு. 1868-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, அந்த நாளில், மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒரு படம் எடுத்தார்கள். மரத்தைப் பற்றி அவர் நினைத்தே இருக்க மாட்டார். ஆனால் படத்தில் மரங்கள் விழுந்துவிட்டன. அவை இலையில்லாமல் நின்றன.

பாஸ்டன் பல்கலைக்கழகத் தாவரவியலார் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவருடைய தோழர்களும் பழைய படங்களைத் தேடிச் சேர்த்தபோது இது கிடைத்தது. 2005-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி அதே இடத்தில் எடுத்த படத்தில் மரங்கள் இலை அடர்ந்து நின்றன! இந்த இரண்டே படங்களை வைத்து அவர்கள் முடிவு கட்டவில்லை. ஓர் ஆண்டு குளிர் அதிகம், ஓர் ஆண்டு குறைவு என்பது இயல்புதானே. தேதி தெரிந்த படங்களையும் உலர்த்திவைத்த செடி மாதிரிகளையும் ஏராளமாகத் திரட்டி, வெப்பநிலையோடு ஒப்பிட்ட பிறகுதான் 2006-இல் ஆய்வை வெளியிட்டார்கள். 1868-இல் படம் எடுத்தவர் தேதியைக் குறிக்காமல் விட்டிருந்தால்? அது வெறும் பழைய படம். தேதி இருந்ததால் 138 ஆண்டு கழித்து அது ஓர் அளவீடு ஆயிற்று.

எடுப்பது எப்படி?

இனி, தாயாரின் அரை மணி நேரக் கவலைக்கு வருவோம். படத்துக்கு ஒரு நிமிடம். செல்போனுக்கு இருபத்தொன்பது நிமிடம். திருடன் யார் என்று தெரிகிறதல்லவா?

எங்கள் தெரு மாணவிக்கு நான் சொன்ன ஏற்பாடு இது. போன் அவளுடையது வேண்டாம், அம்மாவுடையது. காலை ஆறே முக்காலுக்குப் பால் காய்ச்சிவிட்டு அம்மா போனைக் கொடுப்பார். அவள் ஜன்னலுக்குப் போய்ப் படம் எடுத்து, அங்கேயே அம்மா கையில் திருப்பித் தர வேண்டும். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, நிறம் கூட்டுவது, தோழிக்கு அனுப்புவது எல்லாம் தேர்வு முடிந்த பிறகு. படிப்பது, எழுதுவது போன்ற பெரிய வேலையோடு இதைச் சேர்க்கவே கூடாது. பால் காய்ச்சுவது, துணி உலர்த்துவது, பஸ்ஸுக்கு நிற்பது என்று எப்படியும் நடக்கும் சிறு வேலையோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும்.

பென்ட்லியைப் போல் யோசிப்பதை முன்பே முடித்துவிடுங்கள். ஜன்னலின் எந்தக் கம்பியில் போனைச் சாய்த்துப் பிடிப்பது என்று ஒரு நாள் முடிவு செய்து, அந்தக் கம்பியில் நூல் ஒன்று கட்டிவிடுங்கள். மறுநாள் முதல் போன் அந்த நூலுக்குப் போய்விடும். கை தானாக நிற்கும். ஜூம் செய்யாதீர்கள். படத்தின் ஓர் ஓரத்தில் வெள்ளைச் சுவரோ, ஜன்னலில் ஒட்டிய வெள்ளைத் தாளோ எப்போதும் விழட்டும். ஏன் தெரியுமா? செல்போன் காமிரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே மாற்றிவிடும். செந்தளிர் பச்சையாகிவிட்டதா, அல்லது காமிரா மாற்றியதா என்று பிறகு சந்தேகம் வரும்போது, வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். அரசந்தளிர் செம்புநிறமாக இருப்பதற்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. பச்சையம் நிறையும்வரை இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து அது காக்கிறது என்று கருதுகிறார்கள். அந்த நிறமாற்றத்தைப் பிடிப்பதற்குத்தானே இத்தனையும்!

நேரமும் ஒன்றாகவே இருக்கட்டும். தூங்குமூஞ்சி மரத்தைக் காலையிலும் இருட்டும் நேரத்திலும் பார்த்தால் இரண்டு வேறு மரம்போல் இருக்கும். மாலையில் இலைகளை மடித்துக்கொள்ளும். இன்று காலை, நாளை மாலை என்று எடுத்தால் மரம் இலை உதிர்த்துவிட்டதாக நினைத்து ஏமாந்துபோவீர்கள்.

எத்தனை படம்? ஒன்றே ஒன்று. பத்து எடுத்தால் ஒன்பதை அழிக்க உட்கார வேண்டும். அங்கே போய்விடும் உங்கள் வேதியியல் பாடம். ஒன்று போதுமா என்று தயங்குபவர்களுக்கு ஜிம் பிராண்டன்பர்க் என்ற புகைப்படக்காரரைச் சொல்லலாம். பத்திரிகைகளுக்காகச் சுருள் சுருளாகப் பிலிம் செலவழித்துப் படம் எடுத்தவர் அவர். 1994-ஆம் ஆண்டு செப்டம்பரில், இரவும் பகலும் சமமான நாளிலிருந்து டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாள் வரை, 90 நாட்கள், மினசோட்டா மாநிலத்து வடகாட்டில் தினம் ஒரே ஒரு படம் மட்டும் எடுப்பேன் என்று தமக்குத்தாமே விதித்துக்கொண்டார். விரலை அழுத்துவது ஒரு தடவைதான். சரியாக வரவில்லையென்றால் அந்த நாள் போனதுதான். பிலிம் காலமாதலால் எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது. அந்தப் படங்கள் 1997-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வந்தன. அவருடைய நோக்கம் அழகு, நம்முடையது பதிவு. ஆகவே நமக்கு வேலை இன்னும் சுலபம்; மான் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, மரம் அங்கேயேதான் நிற்கிறது.

விடுபட்ட நாள்

ஒரு நாள் தவறிவிட்டால்? தவறும். உடம்புக்கு முடியாமல் போகும், விடியற்காலையிலேயே ஊருக்குப் போக நேரும். நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே “எடுக்கவில்லை” என்று எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டு படம் எடுத்து ஒன்றுக்கு முதல்நாள் தேதி போடும் ஆசை வரும். செய்முறைத் தேர்வில் வராத அளவீட்டை வந்ததாக எழுதுவது போன்றது அது. ஒரு வெற்றிடத்தால் பதிவேடு கெடாது. ஒரு பொய்த் தேதி பக்கத்திலுள்ள உண்மைத் தேதிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

பென்ட்லிமேலேயே இப்படி ஒரு குறை சொல்லப்பட்டது. படிகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நெகட்டிவில் படிகத்தைச் சுற்றியுள்ள பூச்சைக் கத்தி முனையால் சுரண்டிவிடுவார். அச்சில் பின்னணி கறுப்பாக வரும். படத்தில் கைவைத்துவிட்டார் என்று ஜெர்மானிய அறிஞர் ஒருவர் கண்டித்தார். பென்ட்லி சுரண்டியது நகலைத்தான், மூல நெகட்டிவை அல்ல. என்னைக் கேட்டால், சுரண்டாமலே இருந்திருக்கலாம். ஆனால் மூலத்தை வைத்திருந்தார் என்பது பெரிய விஷயம். நீங்களும் மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

அந்த மாணவியின் நோட்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு வரி. தமிழ்த் தேர்வு அன்று “இலை பாதி உதிர்ந்துவிட்டது.” ஆங்கிலத் தேர்வு அன்று “மேல் கிளை மொட்டை.” அதன்பின் இரண்டு தேதிகளில் “எடுக்கவில்லை, காய்ச்சல்.” வேதியியல் தேர்வு அன்று எடுத்த படம் ஆடிப்போயிருக்கிறது, எதிரே “பஸ் வந்துவிட்டது” என்று எழுதியிருக்கிறாள். ஆனால் ஆடிப்போன அந்தப் படத்திலும் கிளை நுனியில் தளிர் தெரிகிறது. முந்தின நாள் படத்தில் அது இல்லை.

இப்போது அவள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இந்த ஆண்டு பிப்ரவரி முதல் படம் எடுப்பது தாயார். அதே ஜன்னல், அதே கம்பி, அதே நூல். சென்ற வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

“போன வருஷத்தைவிட நாலு நாள் முந்தித் தளிர் விட்டிருக்கு சார். வெயில் கூடிப்போச்சா?”

“இரண்டு ஆண்டை வைத்துச் சொல்ல முடியாதம்மா” என்றேன்.

“எத்தனை வருஷம் வேணும்?”

“பத்தாவது எடுக்க வேண்டும்.”

அவர் ஒரு கணம் யோசித்தார். “சரி, அந்த நூல் இத்துப்போச்சு, வேற கட்டிடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.